திரை மினுக்கும்போது எதைத் திருத்துவது: எண்ணையா, தாமதத்தையா, வரிசையையா?

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, தங்கும் விடுதியாக மாறிய பழைய வீடு என்று பல இடங்களில் இன்று வாசலில் ஒரு திரை தொங்குகிறது. அதன் பின்னால் கையகலப் போர்டு ஒன்றில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றை அமைத்துப் பராமரிக்கும் தம்பிமார் சிலர் அண்மையில் அடுத்தடுத்து ஒரே கேள்வியுடன் வந்தார்கள். திரை சில வேளை மினுக்குகிறது, சில வேளை படம் ஒரு கணம் சாய்ந்து நிமிர்கிறது, சில வேளை முழுதும் கறுத்துப் பத்து வினாடி கழித்துத்தான் திரும்புகிறது. திரையை இயக்கும் நிரலான டிரைவரில் டைமிங் கோளாறு என்பது வரை அவர்களுக்குப் புரிகிறது. மோட்லைன் எண்களை (திரைக்கு அனுப்பும் அளவு எண்களை) மாற்றுவதா, டிரைவருக்குள் ஒரு தாமதத்தைச் செருகுவதா, டிரைவரைப் பிரித்து வரிசையைச் சரிசெய்வதா, லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் புதிய பதிப்புக்குத் தாவுவதா, போர்டையும் கேபிளையும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பதா என்பதில்தான் திகைக்கிறார்கள். செக்காலை ரோட்டு மாடியறை ஒன்றில் இதே வேலையைப் பார்த்துவரும் எனக்கு இந்த ஐந்திலும் கை சுட்ட அனுபவம் உண்டு என்பதால், ஒவ்வொன்றின் கணக்கையும் பற்று வரவோடு எழுதிவைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

டைமிங் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைக் குறிக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கிருந்தே தொடங்குகிறது. முதலாவது, எண் பிழை: பிக்சல் கிளாக் (வினாடிக்கு எத்தனை பிக்சல் என்ற வேகம்), வரியின் நீளம், ஒத்திசைவுத் துடிப்பின் அகலம் போன்ற அளவுகளில் ஏதோ ஒன்று பேனலுக்கு, அதாவது திரைப் பலகைக்கு, பொருந்தாமல் இருப்பது. இரண்டாவது, வரிசைப் பிழை: எண்களெல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் டிரைவர் முதலில் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்கிறது, அல்லது இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. எண் பிழை பிடிவாதமானது. போர்டை இயக்கிய ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மாதிரி தெரியும். வரிசைப் பிழை விருந்தாளி மாதிரி. காலையில் வரும், நாம் மடிக்கணினியைத் திறந்ததும் போய்விடும். ஆகவே கோளாறு ஒவ்வொரு முறையும் வருகிறதா, எப்போதாவது வருகிறதா என்பதே முதல் அளவுகோல்.

எப்போதாவது வருகிறது என்றால், சராசரியாக எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தெரிந்துகொள்வது இரண்டாவது. இதை எழுதிவைக்காமல் திருத்தத்தில் இறங்குபவர்களுக்குத் தாங்கள் திருத்திவிட்டோமா என்பதே கடைசி வரை தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தாறுமாறாக வரும் கோளாறு, திருத்தாமலே பதினெட்டு மணி நேரம் தலைகாட்டாமல் இருப்பதற்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இரவு பார்த்துவிட்டுக் காலையில் சரியாகிவிட்டது என்று சொல்பவர் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான் அளந்திருக்கிறார்.

மூன்றாவது, எத்தனை போர்டுகள். ஒரு ஜவுளிக்கடையின் ஒரே திரைக்குச் சரியான முடிவு, நாற்பது திரைகளுக்குத் தவறான முடிவாகலாம். நான்காவது, இன்னும் இரண்டு ஆண்டு கழித்து இந்த நிரலைத் திறக்கப்போவது யார் என்பது. ஐந்தாவது, கோளாறை அளக்க நம்மிடம் என்ன கருவி இருக்கிறது என்பது.

இந்த அளவுகோல்களுக்கெல்லாம் அடியில் கிடக்கும் எண்களை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. திரை ஒரு படத்தின் கடைசி வரியை வரைந்து முடித்து, அடுத்த படத்தின் முதல் வரியைத் தொடங்கும் வரை உள்ள ஓய்வு நேரமே வி-பிளாங்க். டிரைவர் படத்தை மாற்றுவதானால் இந்த ஓய்வுக்குள் மாற்றிவிட வேண்டும். (ஒத்திசைவுத் துடிப்புக்கு முன்னும் பின்னும் வரும் வெற்று இடத்தை ஃப்ரன்ட் போர்ச், பேக் போர்ச் என்று நூல்கள் சொல்லும், திண்ணை என்று சொல்லிக்கொடுத்தால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது.) நாம் அதிகம் கையாளும் 1920 × 1080 அளவுக்கு இரண்டு எண் தொகுதிகள் புழக்கத்தில் உள்ளன.

| | வழக்கமான தொகுதி | இடைவெளி குறைத்த தொகுதி |
|---|---|---|
| பிக்சல் கிளாக் (மெகாஹெர்ட்ஸ்) | 148.5 | 138.5 |
| ஒரு வரியின் மொத்தப் பிக்சல் | 2200 | 2080 |
| ஒரு படத்தின் மொத்த வரி | 1125 | 1111 |
| ஒரு வரிக்கு ஆகும் நேரம் (மைக்ரோவினாடி) | 14.81 | 15.02 |
| வி-பிளாங்க் வரிகள் | 45 | 31 |
| வி-பிளாங்க் நேரம் (மைக்ரோவினாடி) | 667 | 466 |
| வினாடிக்குப் படங்கள் | 60.00 | 59.93 |

667 என்பதும் 466 என்பதும் இனி வரும் கணக்குகளில் தலைகாட்டும்.

## வழி 1: எண்களை மட்டும் மாற்றுவது

டிரைவரின் நிரலைத் தொடாமல், திரைக்குப் போகும் எண்களை மட்டும் வெளியிலிருந்து மாற்றும் வழி இது. கெர்னல் தொடக்க வரியில் வீடியோ அளபுருவைக் கொடுக்கலாம்; பேனல் தரும் ஈடிஐடியை (தன் அளவுகளைத் தானே சொல்லும் சிறு குறிப்பை) ஒதுக்கிவிட்டு நாமே தயாரித்த ஈடிஐடி கோப்பை ஏற்றச் சொல்லலாம்; எக்ஸ் என்னும் சாளரச் சூழலில் எக்ஸ்ரேண்டர் கட்டளை மூலம் புதிய மோடு (எண் தொகுதி) ஒன்றைச் சேர்க்கலாம். அரை மணி வேலை. பிடிக்காவிட்டால் ஒரு வரியை அழித்தால் பழைய நிலை திரும்பிவிடும்.

எண் பிழைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. 1366 × 768 பேனல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈடிஐடியின் சுருக்கப் பட்டியல் அகலத்தை எட்டின் மடங்காகத்தான் குறிக்க முடியும்; 1366 எட்டின் மடங்கு அன்று. அதனால் அது 1360 ஆகவோ 1368 ஆகவோ திரிந்து, எழுத்துகளின் ஓரம் மங்கும், அல்லது படம் ஓரிரு பிக்சல் தள்ளி நிற்கும். லினக்ஸ் டிரைவர்களின் பொது நிரலில் இதற்கென்றே ஒரு சரிக்கட்டல் உண்டு; அது கைகொடுக்காத பேனலுக்குச் சரியான மோட்லைனை நாமே எழுதிக் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நீண்ட கேபிளும் இந்தக் கணக்கில்தான் சேரும். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முகப்பில் திரை, இரண்டாம் கட்டில் போர்டு என்றால் நடுவே வளவை (உள் முற்றத்தை) சுற்றிக்கொண்டு கேபிள் போக வேண்டும், ஏனென்றால் முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் பூசி மெருகேற்றிய சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர்கள் விடுவதில்லை. அவ்வளவு தொலைவில் படம் ஒழுங்காகப் போனாலும் ஈடிஐடியைச் சுமக்கும் மெல்லிய கம்பி இணை தடுமாறிவிடும். ஈடிஐடி கிடைக்காதபோது டிரைவர் பாதுகாப்பாக 1024 × 768 அளவுக்கு இறங்கிக்கொள்ளும். டிரைவர் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம்; 128 பைட் கோப்பு ஒன்றைப் போர்டிலேயே வைத்துவிட்டால் தீர்ந்தது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, பேனலை மாற்றும் நாளில் பழைய ஈடிஐடி கோப்பு புதிய பேனலுக்கும் பொய் சொல்லும். கோப்பு இருப்பதே அப்போது யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு, இந்த அமைப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ராஸ்பெர்ரி பையில் முன்பு தொடக்கக் கோப்பில் எழுதிய எச்டிஎம்ஐ எண்களை, கெர்னலே திரையை ஆளும் இன்றைய முறை கண்டுகொள்வதில்லை. எக்ஸுக்கு மாற்றான வேலண்டுக்கு மாறிய சூழலில் எக்ஸ்ரேண்டர் மோடும் செல்லாது. மூன்றாவதுதான் வினையே. மினுக்கலைப் பார்த்ததும் பலர் செய்யும் முதல் காரியம், தொடக்க வரியில் ஓர் எழுத்தைச் சேர்த்து இடைவெளி குறைத்த தொகுதிக்கு மாறுவது. கிளாக் குறைவதால் தரம் குறைந்த கேபிளில் அது உண்மையிலேயே உதவும். ஆனால் கோளாறு வரிசைப் பிழை என்றால், டிரைவருக்குக் கிடைக்கும் ஓய்வை 667 மைக்ரோவினாடியிலிருந்து 466 ஆக நாமே குறைத்துக்கொள்கிறோம். முந்தும் போட்டியில் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் கெடுதலையே கருவியாகவும் ஆக்கலாம். நாளுக்கு ஒரு முறை வரும் வரிசைப் பிழையை மேசையில் வைத்து ஆராய வேண்டுமானால், வேண்டுமென்றே இடைவெளி குறைத்த தொகுதியைப் போட்டு, கூடவே சிபியூவுக்கு நிறைய வேலை கொடுங்கள். கோளாறு அடிக்கடி வரத் தொடங்கினால் அது வரிசைப் பிழை என்பதற்கு அது வலுவான சாட்சி.

## வழி 2: தாமதம் செருகுவது

எல்லாரும் செய்வது, எல்லாரும் மறைப்பது. வன்பொருளின் ஒரு பதிவேட்டில் (கட்டளை எண் வைக்கும் சிறு இடத்தில்) எழுதியதும் சில மில்லிவினாடி சும்மா இரு என்று டிரைவரிடம் சொல்வது. ஐந்து நிமிடத்தில் திரை அமைதியாகிவிடும். இது வட்டிக் கடன். அவசரத்துக்கு வாங்கலாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருப்பதை மறக்கக் கூடாது.

வட்டி எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். லினக்ஸில் உறங்கச் சொல்லும் கட்டளையான எம்ஸ்லீப்பை 1 என்று எழுதினால் ஒரு மில்லிவினாடி கிடைக்கும் என்று நம்பக் கூடாது. கெர்னலின் கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 100 ஆக இருந்தால் இருபது மில்லிவினாடி வரைகூட உறங்கிவிடும் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. ஒரு படத்தின் மொத்த ஆயுளே 16.67 மில்லிவினாடி. அதாவது ஒரு மில்லிவினாடி தாமதம் என்று நினைத்து எழுதியது ஒரு முழுப் படத்தையும் விழுங்கிவிடும்; துடிப்பு 1000 ஆக உள்ள கெர்னலில் அதே வரி வேறுவிதமாக நடக்கும். இன்று கோளாறு மறைந்ததற்குக் காரணம் நாம் எழுதிய எண் அன்று, கெர்னல் கட்டமைப்பில் யாரோ தேர்ந்த எண். பத்து மைக்ரோவினாடிக்குக் கீழே யூடிலே, அதற்கு மேல் இருபது மில்லிவினாடி வரை யூஸ்லீப் ரேஞ்ச், அதையும் தாண்டினால் எம்ஸ்லீப் என மூன்று காத்திருப்புக் கட்டளைகளைப் பிரிக்கும் பழைய விதியைப் பின்பற்றுபவர்கள் இந்தக் குழியில் விழுவதில்லை. இன்னொன்று: வன்பொருள் திடீரென அனுப்பும் அழைப்பான குறுக்கீட்டைக் கையாளும் இடத்தில் உறங்கவே முடியாது, அங்கே யூடிலேயை நீளமாகப் போட்டால் அந்த நேரம் முழுதும் அந்தச் சிபியூ வேறெதையும் பார்க்காமல் நிற்கும்.

பிழைதேடும் போதும் இதே தாமதம் மாறுவேடத்தில் வரும். சீரியல் கம்பி வழியாக வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் எண்பது எழுத்துகொண்ட ஒரு வரியை அச்சிட ஏறத்தாழ 7 மில்லிவினாடி ஆகிறது. வி-பிளாங்க் ஓய்வைப் போல் பத்து மடங்கு. கெர்னலில் அச்சிடும் ஒரே ஒரு பிரின்ட்கே வரியைச் சேர்த்ததும் கோளாறு ஓடிப்போவதற்கு இதுவே காரணம். அச்சிடுவதற்குப் பதில் கெர்னலின் பதிவுக் கருவியான எஃப்டிரேஸில் வி-பிளாங்க் நிகழ்வுகளைப் பதிவுசெய்வதும், போர்டின் ஒரு பின்னை ஏற்றி இறக்கி லாஜிக் அனலைசரில் பார்ப்பதும் கோளாற்றைக் கலைக்காமல் படம்பிடிக்கும் வழிகள்.

ஆனாலும் தாமதத்தையே தீண்டத்தகாததாக்கிவிடுவது சரியன்று. பேனலின் தரவுத்தாள் கேட்கும் தாமதம் கடன் அன்று, கொடுக்க வேண்டிய கூலி. ஈடிபி (மடிக்கணினித் திரைகளில் காணும் இணைப்பு) வகைப் பேனல் ஒன்றின் மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி கொடுப்பதற்கு முன் 500 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும் என்பது நிர்ணயம். அதைக் குறைக்கப் பார்ப்பவர் பேனலைத்தான் கெடுப்பார். டிரைவரின் பேனல் விவரிப்பில் இயக்குவதற்கும் அணைப்பதற்கும் தனித்தனியே தாமதம் குறிக்க இடம் வைத்திருப்பதே இதற்காகத்தான். இணைப்பு உணர்கம்பி நடுங்கும்போது சிறிது பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் இந்த வகை. எண்ணுக்கு ஆதாரம் காட்ட முடியுமா என்பதே வேறுபாடு. தரவுத்தாளின் பக்கத்தைக் காட்ட முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 3 போட்டேன் போதவில்லை, 5 போட்டேன் சரியாயிற்று என்று மட்டுமே சொல்ல முடிந்தால் கடன்.

நாளைக்கு முகூர்த்தம், இன்றிரவு மண்டபத்துத் திரை நின்றாக வேண்டும் என்ற நிலையில் நானும் தாமதத்தைத்தான் செருகுவேன். அதன் பக்கத்தில் தேதியையும், எந்தப் பதிவேடு, எந்த அறிகுறி, எந்தக் கெர்னல் என்பதையும் கருத்துரையாக எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

## வழி 3: வரிசையைச் சரிசெய்வது

வரிசைப் பிழைக்கு இதுதான் மருந்து, விலையும் அதிகம். என்ன நடக்கிறது என்பதை ஒரு படத்தின் அளவில் பார்த்தால்தான் விலை ஏன் அதிகம் என்று விளங்கும்.

டிரைவர் புதிய படத்தைக் காட்ட மூன்று பதிவேடுகளில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: படம் நினைவகத்தில் தொடங்கும் முகவரி, ஒரு வரியின் நீளம், நிற அமைப்பு. பெரும்பாலான திரைக் கட்டுப்படுத்திகள் இவற்றை உடனே எடுத்துக்கொள்வதில்லை. நிழல் பதிவேட்டில் வைத்திருந்து, வி-பிளாங்க் தொடங்கும்போது மொத்தமாக எடுத்துக்கொள்ளும். முகவரியை எழுதி முடித்து, நீளத்தை எழுதுவதற்குள் வி-பிளாங்க் வந்துவிட்டால், புதிய முகவரியும் பழைய நீளமும் சேர்ந்த ஒட்டுப்போட்ட படம் ஒன்று திரையேறும். அதுதான் அந்தச் சாய்ந்த படம். கண்ணுக்கு அது ஒரு வெட்டு. வினாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சரியாக நான்கு படங்களுக்கு, மணமக்கள் பெயர் படிக்கட்டு இறங்குவது போல் ஒவ்வொரு வரியும் சற்றுச் சற்று விலகி நிற்பது தெளிவாகத் தெரியும். நான்கு என்ற எண்ணிக்கைதான் இங்கே துப்பு: 60க்கு ஒரு படம், 240க்கு நான்கு. கேபிள் கோளாறு இவ்வளவு கணக்காக வந்து போகாது.

திருத்தங்கள் பல வடிவில் இருக்கும். கட்டுப்படுத்தியிலேயே இப்போது எடுத்துக்கொள் என்ற ஒற்றைத் தூண்டு பிட் இருந்தால், எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் அதை ஏற்றுவது எளிது. டிரைவர் அதை முன்கூட்டியே ஏற்றிவிடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அது இல்லாத கட்டுப்படுத்தியில், திரை எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து, ஓய்வு நெருங்கிவிட்டால் கடந்து போகும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். இன்டெலின் ஐ915 டிரைவர் இதைத்தான் செய்கிறது. வி-பிளாங்க்குக்கு முன் 100 மைக்ரோவினாடிக்குள் வந்துவிட்டால் எழுதாமல் காத்திருக்கிறது. தரவுப் பாதை (பஸ்) வழியாகப் போகும் எழுத்து உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பதை அதே பதிவேட்டைத் திரும்பப் படித்து உறுதிசெய்ய வேண்டிய இடங்களும் உண்டு. அச்சிடும் வரியைச் சேர்த்தால் சரியாகிறது, எடுத்தால் கெடுகிறது என்னும் புதிர்களில் சில இந்த ஒரு வாசிப்பில் தீர்ந்திருக்கின்றன.

இன்னொரு நுட்பம், படம் மாறிவிட்டது என்று பயனர் நிரலுக்குச் சொல்லும் செய்தி. இதை அடுத்த வி-பிளாங்க் குறுக்கீட்டில் அனுப்பும்படி டிரைவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்கும். ஏற்பாட்டுக்கும் பதிவேட்டு எழுத்துக்கும் இடையே ஒரு வி-பிளாங்க் புகுந்துவிட்டால் செய்தி ஒரு படம் முந்தியோ பிந்தியோ போகும். பிந்தினால் ஒரு படம் வீண், அவ்வளவே. முந்தினால், திரை இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நினைவகத்தில் பயனர் நிரல் அடுத்த படத்தை வரையத் தொடங்கிவிடும். படம் குறுக்கே கிழியும். இரண்டில் ஒன்றைத் தவிர்க்க முடியாத வன்பொருள் என்றால் பிந்தும் பக்கமே சாய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. செய்தி அடியோடு தொலைந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். மேலடுக்கு நிரல் பத்து வினாடி காத்திருந்து, ஃபிளிப் டன் டைம்ட் அவுட் என்று பதிவில் எழுதிவிட்டுத்தான் நகரும். திரை கறுத்துப் பத்து வினாடி கழித்துத் திரும்பியது என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது பதிவில் அந்த ஒரு வரியைத்தான்.

இந்த வழியின் மறைவான செலவு நிரல் எழுதுவதில் இல்லை. மாற்றம் பெரும்பாலும் இருபது வரிக்குள் முடிந்துவிடும். அந்த இருபது வரி எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆகும். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நுழையாமல் தடுக்கும் பூட்டு ஒன்றை இடம் மாற்றும்போது குறுக்கீட்டுக்குள் எடுக்கும் பூட்டையும் வெளியே எடுக்கும் பூட்டையும் மாற்றிப் போட்டால், முன்பு மினுக்கிய திரை இப்போது போர்டோடு உறைந்து நிற்கும். சோதனைக் கெர்னலில் பூட்டுப் பிழைகளைக் காட்டும் லாக்டெப்பை இயக்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஆனால் லாக்டெப் இயங்கும்போது எல்லாமே மெதுவாகி, நேரக் கணக்கு மாறிவிடும் என்பதால் அதே சோதனையை அது இல்லாமலும் ஒரு முறை ஓட்ட வேண்டும். ஒரே டிரைவரை எச்டிஎம்ஐ திரையும் டிஎஸ்ஐ (போர்டோடு நேரே சேரும் இணைப்பு) பேனலும் பகிர்ந்துகொண்டால், ஒன்றுக்குச் செய்த வரிசை மற்றதைக் கெடுக்கவில்லை என்று தனியே காட்ட வேண்டும்.

ஒரே திரைக்கு இதைச் செய்வது கட்டுபடியாகாது. பத்துக்கு மேல் ஒரே மாதிரிப் போர்டுகள் இருந்து, கோளாறை மேசையில் வரவழைக்கவும் முடிந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மேசையில் வரவழைக்க முடியாத கோளாறுக்கு இந்த வழியில் இறங்குவது, இருட்டறையில் சாவி தேடுவதுதான்.

## வழி 4: புதிய கெர்னலுக்கு மாறுவது

நமக்கு முன்பே யாரோ இதைத் திருத்தியிருப்பார்கள் என்ற நம்பிக்கை பல முறை பலிக்கும். திரை டிரைவர்களில் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏராளமான மாற்றங்கள் வருகின்றன. நமது கட்டுப்படுத்தியின் பெயருக்குரிய கோப்புகளின் மாற்ற வரலாற்றை மட்டும் ஓர் அரை நாள் உட்கார்ந்து படிப்பது மற்ற எல்லா வழிகளுக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை. பொருத்தமான பேட்ச் (திருத்தத் துண்டு) கண்ணில் பட்டால் அதை மட்டும் நமது பழைய கெர்னலுக்கு இறக்கிக்கொள்வது, முழுக் கெர்னலையும் மாற்றுவதைவிட மலிவு. கெர்னலின் தலைமை மூலநிரலில் சேர்ந்துவிட்ட, சுற்றுவரிகளோடு நூறு வரிக்கு மிகாத திருத்தம் என்றால் நிலைக் கெர்னலுக்குள் (திருத்தங்களை மட்டும் ஏற்கும் வெளியீட்டுக்குள்) சேர்க்கும்படி கேட்கவும் விதி இடம் கொடுக்கிறது. சேர்ந்துவிட்டால் நாம் சுமக்க வேண்டியதில்லை.

எது திருத்தியது என்று தெரியாமல், புதியதில் சரியாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் பக்கம் கை போகும். அங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருப்பது வழக்கம். பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் பதினான்கு படி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் கோளாறுக்கு, படிக்குப் பதினெட்டு மணி வீதம் காத்திருந்தால் பத்து நாளுக்கு மேல். சரி என்று முடிவுகட்டும் படிகள் ஏழு என்று கொண்டால், ஒவ்வொன்றிலும் ஏமாற 5 விழுக்காடு வாய்ப்பு. எங்கோ ஒரு படியிலாவது ஏமாந்து தவறான மாற்றத்தின் வாசலில் போய் நிற்க ஏறத்தாழ 30 விழுக்காடு வாய்ப்பு. கோளாற்றை நிமிடத்துக்கு ஒரு முறை வரும்படி முடுக்கிவிட்டுப் பிறகு பைசெக்ட் செய்தால் இதே வேலை ஒரு பிற்பகலில் முடியும்.

போர்டுக்காரர் கொடுத்த பழைய கெர்னலில் மட்டுமே வைஃபையோ தொடுதிரையோ ஓடும் என்ற நிலையில் இந்த வழி அடைபட்டுவிடும். மலிவு விலைப் போர்டுகளில் அது அரிதன்று.

## வழி 5: பொருளை மாற்றுவது

நிரலாளர்கள் இதைத் தோல்வியாகக் கருதுகிறார்கள், வேண்டாம். ஒரே திரை, எப்போதாவது ஒரு மினுக்கல், மாற்றுப் போர்டின் விலை உங்கள் இரண்டு நாள் கூலியைவிடக் குறைவு என்றால் மாற்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நீண்ட கேபிளுக்குப் பதில் போர்டைத் திரையின் முதுகிலேயே கட்டிவிட்டு நெட்வொர்க் கம்பியை மட்டும் வளவு வழியாகக் கொண்டுபோவது, நான் பார்த்தவரை, ஈடிஐடி தொல்லைகளில் பெரும்பகுதியைத் தீர்த்திருக்கிறது. செலவு, புதிய போர்டிலும் அதே கட்டுப்படுத்தியும் அதே டிரைவரும் இருந்துவிடுவது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## ஒரு வீட்டுக் கணக்கு

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு வீட்டின் முகப்புத் திரைக்கு இந்த ஐந்தில் சிலவற்றை நான் செலவழித்தேன். நாளுக்கு மூன்று நான்கு முறை திரை கறுத்துப் பத்து வினாடி கழித்துத் திரும்பியது. முதல் நாள் எண்களை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. இரண்டாம் நாள் இடைவெளி குறைத்த தொகுதிக்கு மாறினேன். இன்னும் அடிக்கடி வந்தது. மூன்றாம் நாள் பட்டாலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தபோது, வீட்டுப் பெரிய ஆச்சி காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "தம்பி, கேணியில மோட்டார் போடுறப்பத்தான் இது கண்ணை மூடுது. நீங்க என்னமோ அந்தப் பொட்டியையே நோண்டிக்கிட்டிருக்கீக."

மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் இறங்கி, திரை தன்னை மீளத் தொடங்கிக்கொண்டது. இணைப்பு அறுந்து மறுபடி வந்ததாக டிரைவருக்குச் செய்தி போனது. அந்தச் செய்தி, நிலுவையில் இருந்த வி-பிளாங்க் நிகழ்வு ஒன்றை முந்திக்கொண்டு மோடை மாற்றத் தொடங்கியது; நிகழ்வு தொலைந்தது; பத்து வினாடி இருட்டு. மோட்டாருக்குத் தனி இணைப்பு இழுத்ததும் கோளாறு நின்றது, வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. எனக்கு இல்லை, ஏனென்றால் ரிமோட்டால் திரையை அணைத்து உடனே போட்டால் இருட்டு பழையபடி வந்தது. இந்த முறை வரவழைக்கும் வழி கைவசம் இருந்தது: நிமிடத்துக்குப் பத்துத் தடவை அணைத்துப் போடும் ஒரு ரிலேயைக் கட்டிவிட்டு, மோடு மாற்றத்துக்கு முன் நிலுவை நிகழ்வை முடித்து அனுப்பும்படி டிரைவரில் பதினொரு வரி மாற்றினேன். இரண்டு இரவு ரிலே ஓடியது. பதிவில் அந்த வரி வரவில்லை.

அதே போர்டு பள்ளத்தூரில் இரண்டு இடங்களில் இருக்கிறது. அங்கே இணைப்புச் செய்தி வந்ததும் 200 மில்லிவினாடி பொறுக்கும் பழைய தாமதம்தான் இன்னும் ஓடுகிறது; பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன், பொங்கல் கழிந்ததும் போய் மாற்ற வேண்டும்.